பம்பாய்ப் படிப்பின் வரும்படி

நாமகிரிப்பேட்டை நாச்சிமுத்துக் கவுண்டருக்கு வசந்தாமணி ஒரே மகள். அவளுக்கு அவர் தேடிப் பிடித்த மாப்பிள்ளை மயில்சாமி பி.ஏ. படித்தவன். கல்யாணமாகி ஒன்றரை வருஷமாக அவன் மாமனார் வீட்டோடு இருந்தான்.

காட்டுக்குப் போகலாம் என்று அவன் வேட்டியை மடித்துக் கட்டினால், "படிச்ச கையில மம்முட்டி புடிக்கறதுங்களா மாப்பிள்ளை? ஊரு என்னைய என்ன சொல்லும்?" என்று மாமனார் தடுத்துவிடுவார். பண்ணையத்துக் கணக்கையாவது பார்க்கலாம் என்றால், "உங்களுக்கு எதுக்குங்க அந்தச் சிரமம்" என்பார். ஆகவே மயில்சாமி காலையில் பத்திரிகை படித்தான். மத்தியானம் தூங்கினான். சாயங்காலம் அதே பத்திரிகையை மறுபடியும் படித்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் பி.ஏ. படித்தவன் செய்வதற்கு அதைவிட நல்ல வேலை சேலம் ஜில்லாவில் அவனுக்கு அகப்படவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மாமா, பம்பாய்க்குப் போயி காமர்ஸ் படிக்கலாம்னு இருக்கேனுங்க. ரெண்டு வருசம்."

"அப்படின்னா என்னங்க மாப்பிள்ளை?"

"வியாபாரப் படிப்புங்க."

நாச்சிமுத்து ஆச்சரியப்பட்டார். "வியாபாரத்தைக்கூடப் படிக்கறதுங்களா? சந்தையில மஞ்சள் வாங்கறவன் என்னைய வருசா வருசம் ஏமாத்தறானே, அவன் எங்கீங்க படிச்சான்?"

"இது பெரிய வியாபாரமுங்க. பேங்கு, இன்சூரன்ஸ், கம்பெனி..."

"செலவு?"

"எல்லாஞ் சேத்து ரெண்டாயிரம் ஆகுமுங்க."

நாச்சிமுத்து மெல்லுவதை நிறுத்தினார். அவர் மனக்கண்ணில் பத்து ஜோடி நல்ல காளைகள் வரிசையாகக் கிளம்பிப் பம்பாய்ப் பக்கம் நடந்தன. ஆனாலும் மாப்பிள்ளையிடம் முடியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

"சரிங்க. படிச்சு முடிச்சா மாசம் என்ன வரும்?"

"அது அவுங்கவுங்க சாமர்த்தியமுங்க."

"காளை புடிக்கப் போறோம். இது எத்தனை பாரம் இழுக்கும்னு கேக்கறோம். அது காளையோட சாமர்த்தியம்னு எவனாச்சும் சொல்லுவானுங்களா?"

பரிமாறிக்கொண்டிருந்த அவர் மனைவி சௌந்திரம் கரண்டியோடு நிமிர்ந்தாள். "ஏனுங்க, மாப்பிள்ளையைப் போயி மாடுங்கறீங்களே!"

"மாடுன்னு ஆரு சொன்னா? கணக்குச் சொன்னேன்."

மயில்சாமி ஒரு சாட்சியைக் கொண்டுவந்தான். கொண்டப்பநாயக்கன்பட்டியில் காளியண்ணன் என்று ஒருவர் இருக்கிறார், பம்பாயில் இதே படிப்பைப் படித்தவர், மாடி வீடு, எப்போதும் கோட்டு என்றான். சௌந்திரமும் தன் பங்குக்கு ஒருவரைச் சொன்னாள். அவளுடைய பெரியம்மா வழியில் சுவாமிநாதன் என்று ஒருவர். அவரும் பி.ஏ.தான். ஆனால் பம்பாய்க்கெல்லாம் போகவில்லை. சேலத்திலேயே ஒரு வருஷம் டைப்பும் சுருக்கெழுத்தும் படித்தார். நூற்றைம்பது ரூபாய்கூட ஆகவில்லை. இப்போது சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீசில் இருக்கிறார்.

"அப்ப ரெண்டு பேரையும் போயிப் பாத்து, சம்பளம் எத்தனைன்னு கேட்டுட்டு வந்தர்றேன்" என்றார் நாச்சிமுத்து.

மயில்சாமி பதறினான். "ஐயையோ மாமா! படிச்சவங்ககிட்டச் சம்பளத்தைக் கேக்கப்படாதுங்க. மரியாதை இல்லீங்க."

"பொறவு எதைக் கேக்கறது? சௌக்கியமான்னா? சௌக்கியத்தைத் தெரிஞ்சுக்கிட்டு ரெண்டாயிரம் குடுக்கறதுங்களா?"

மாப்பிள்ளை சொன்னதிலும் ஒரு நியாயம் இருப்பதாக ராத்திரி படுத்தபிறகு அவருக்குத் தோன்றியது. வாயால் கேட்டால் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். கூட்டிச் சொல்வார்கள், இல்லாவிட்டால் மழுப்புவார்கள். ஆகவே மறுநாள் காலையில் அவர் மாட்டுத் தரகர் அர்த்தநாரிக்கு ஆள் அனுப்பினார்.

அர்த்தநாரி ஒல்லியான மனிதர். தோளில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு இருக்கும். சந்தையில் அந்தத் துண்டை விரித்து, அதற்கடியில் விற்கிறவன் கையைப் பிடித்தாரானால், வெளியில் ஒரு வார்த்தை கேட்காது. விரல்கள் மட்டும் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை பத்து, அல்லது அத்தனை நூறு. சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது. வாயால் ஆயிரம் பொய் சொல்கிறவனும் துண்டுக்கடியில் பொய் சொல்வதில்லை என்பது அர்த்தநாரியின் அனுபவம்.

"மனுசனுக்குத் துண்டு போட்டதில்லீங்களே" என்று அவர் தயங்கினார்.

"சம்பளக்காரன்தானப்பா. சும்மா போடு. தரகு தாரேன்."

இரண்டு பேரும் ஒரு தார் வாழைப்பழத்தோடு ராசிபுரம் வழியாகச் சேலத்துக்கு பஸ் ஏறினார்கள். அங்கிருந்து ஜட்கா பிடித்துச் சூரமங்கலம் போய்ச் சேர்ந்தார்கள். ரயில்வே வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் இருந்ததால் முதலில் வேறு யாருடைய வீட்டிலோ நுழைந்து, அந்த வீட்டு அம்மாளிடம் பழத்தாரைக் கொடுத்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட்டு வெறுங்கையோடு சுவாமிநாதன் வீட்டுக்குப் போனார்கள்.

சுவாமிநாதன் ஆபீசுக்கு லீவு போட்டிருந்தார். சொந்தக்காரர் ஒருவர் ஒறம்பரை வந்த சந்தோஷத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மனைவி முத்தாயம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவளுடைய சேலைத் தலைப்பு மட்டும் வெளியே தெரிந்தது.

நாச்சிமுத்து வந்த காரியத்தைச் சொன்னார். சம்பளம் என்ற வார்த்தையைக் கேட்டதும் சுவாமிநாதன் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"ஏதோ, கடவுள் புண்ணியத்துல வண்டி ஓடுதுங்க."

"எத்தனை ரூவாயில ஓடுதுங்க?"

"நாப்பத்தஞ்சு" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

சுவாமிநாதன் ஆமோதிப்பதுபோலத் தலையை ஆட்டினார். ஆனால் அர்த்தநாரி அதற்குள் துண்டை விரித்துவிட்டார். "பத்துல பேசலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவருடைய வலது கையைத் துண்டோடு சேர்த்துப் பிடித்தார். சுவாமிநாதன் குடியானவர் வீட்டுப் பிள்ளை. அப்பனோடு சந்தைக்குப் போன கை அது. துண்டு மேலே விழுந்ததும் விரல்கள் தாமாகவே வேலை செய்தன. முதலில் ஐந்து விரல். பிறகு கட்டை விரல் ஒன்று தனியாக.

அறுபது!

சுவாமிநாதன் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி பரவியது. மூன்று வருஷமாக யாரிடமும் சொல்ல முடியாமல் நெஞ்சுக்குள் வைத்திருந்த பதினைந்து ரூபாயை அன்றைக்குத்தான் அவர் இறக்கி வைத்திருந்தார். அர்த்தநாரியின் கையை விட அவருக்கு மனமே வரவில்லை.

அப்புறம் அவர் தாராளமாகப் பேசினார். "ஆனா ஒண்ணுங்க. நான் சேர்ந்தப்ப டைப் அடிக்க ஆளே கெடைக்கல, கூப்புட்டுக் குடுத்தாங்க. இப்பக் கதையே வேற. ஆள் எடுக்கறதில்ல. ஒரு எடம் காலின்னா, பி.ஏ. எல்லாம் ஸ்டேஷன் வரைக்கும் வரிசையில நிக்குது. என்ற சம்பளத்தைப் பாத்து உங்க மாப்பிள்ளையைப் படிக்க வெச்சறாதீங்க."

விடைபெற்று வெளியே வந்தபோது முத்தாயம்மாள் பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்கண்ணா, எத்தனை விரலுங்க?"

"துண்டுக்குள்ள பாத்ததை வெளியில சொன்னா என்ற தொழில் என்னாவறதுங்கம்மா?" என்றார் அர்த்தநாரி.

"நாலரை விரல்னா புடிக்க முடியாதுங்களே. அஞ்சா, நாலா? அதை மட்டுமாச்சும் சொல்லுங்க."

அர்த்தநாரி அவசரமாக ஜட்காவில் ஏறிக்கொண்டார். ஜட்கா திருப்பத்தில் மறையும்வரை அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள்.

கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு அவர்கள் போகும்போது வெயில் சாய்ந்திருந்தது. மலையடிவாரத்துக் காற்று சுகமாக இருந்தது. மாடி வீடு இருந்தது. வீட்டுக்கு முன்னால் வேப்ப மரத்தடியில் இரண்டு பஸ்கள் நின்றன. ஒரு பஸ்ஸின் நிழலில் டிரைவர் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். காளியண்ணன் கோட்டுப் போட்டுக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பம்பாயைப் பற்றிக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டான். கடற்கரையைப் பற்றிச் சொன்னான், டிராம் வண்டியைப் பற்றிச் சொன்னான், புரொபசர்களைப் பற்றிச் சொன்னான். சம்பளத்தைப் பற்றிக் கேட்டதும் கோட்டுப் பொத்தான் ஒன்றைப் போட்டுக்கொண்டான்.

"இன்சூரன்ஸ் கம்பெனியிலங்க. அதெல்லாம் சொல்ற வழக்கம் இல்லீங்க."

அர்த்தநாரி துண்டை விரித்தார். காளியண்ணனுக்கு அது என்னவென்று தெரிந்திருந்தது. கொஞ்சம் யோசித்தான். பிறகு கையை உள்ளே விட்டான்.

வீதிக்கு வந்ததும் நாச்சிமுத்து ஆவலோடு கேட்டார். "எத்தனை?"

"நாலுங்க."

"நாலு பத்தா, நாலு நூறா?"

அர்த்தநாரி நடுவீதியில் அப்படியே நின்றுவிட்டார். பத்தில் பேசுவதா நூறில் பேசுவதா என்று முதலில் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவேண்டும். சந்தைக்கு முதல் நாள் வருகிற தரகனுக்குக்கூட அது தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்த மலைப்பில் அவர் மறந்துபோயிருந்தார்.

"மாடி ஊட்டையும் கோட்டையும் பாத்தா நானூறுதான் இருக்கும்" என்றார் நாச்சிமுத்து. அவர் குரலில் சுரத்தே இல்லை. நானூறு என்றால் மாப்பிள்ளைக்கு ரெண்டாயிரம் கொடுத்தே ஆகவேண்டும்.

"வெரல் நடுங்குச்சுங்களே. நானூறு வாங்கறவன் வெரல் எதுக்குங்க நடுங்குது?"

பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் இருவரும் இதையே பேசினார்கள். கடைசியில் பஸ் வந்தது. அதில் ஏறாமல் திரும்பிப் போனார்கள்.

இந்த முறை வாசலில் வேறொருவர் நின்றார். பெரிய மீசை, கையில் சாவிக்கொத்து. அவர்தான் வெள்ளியங்கிரி, அந்த இரண்டு பஸ்களுக்கும் அந்த மாடி வீட்டுக்கும் சொந்தக்காரர். காளியண்ணனின் மாமனார்.

"ஆருங்க நீங்க? மாப்பிள்ளையைப் பாத்துட்டுப் போனீங்களாமே?"

நாச்சிமுத்து மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல வெள்ளியங்கிரியின் கண்கள் அகலமாயின. இரண்டு பேர் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் போனார்.

"நீங்க தெய்வமுங்க. மூணு வருசமா அது தெரியாமத்தான் நானும் சோறு தின்னுட்டு இருக்கேன். ரெண்டாயிரத்துச் சொச்சம் குடுத்துப் படிக்க வெச்சவன் நான். என்ன சம்பாரிக்கறீங்கன்னு மருமவன்கிட்ட எப்படிங்க கேக்கறது? துண்டுக்குள்ள எத்தனை சொன்னாரு?"

"நாலுங்க."

"நாலு! நாலு என்னது?"

"அதைக் கேக்கத்தானுங்க திரும்பி வந்தோம்."

வெள்ளியங்கிரிக்குப் பொறுக்கவில்லை. மாடியைப் பார்த்து, "மாப்பிள்ளை, சித்தெ கீழ வந்துட்டுப் போங்க!" என்று குரல் கொடுத்தார். காளியண்ணன் இறங்கி வந்தான். பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும் மூன்று பேரையும் அவர்கள் நிற்கிற நிலையையும் பார்த்தான். கோட்டைக் கழற்றி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் படியில் உட்கார்ந்தான்.

"நாப்பதுங்க மாமா. கமிஷன் வந்தா எச்சா வரும்னு சொன்னாங்க. வரலீங்க."

வெள்ளியங்கிரிக்கு மூச்சு வாங்கியது. மருமகனைத் திட்டுவது அவர் குலத்தில் வழக்கமில்லை. ஆகவே குனிந்து, பஸ் நிழலில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவரை எழுப்பித் திட்டினார்.

"ஏன்டா! மூணு வருசமா! திங்கறதும் தூங்கறதும்! பம்பாய் வரைக்கும் போயிட்டு வந்து நாப்பது ரூவாயா?"

"நான் ராசிபுரத்துக்குத்தானுங்க போயிட்டு வந்தேன்" என்றார் டிரைவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

டிரைவர் எழுந்து அந்தப் பக்கம் போனதும் நாச்சிமுத்து மெதுவாகக் கேட்டார். "உங்களுக்கு ரெண்டு பஸ்ஸு இருக்குதே, மாப்பிள்ளையை அதைப் பாத்துக்கச் சொல்றதுதானுங்களே?"

"நல்லாச் சொன்னீங்க போங்க! சொந்த மருமவனை டிக்கெட் கணக்குப் பாக்க வெச்சா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? சம்பளம் குடுத்தா கூலிக்காரன்னு ஆயிரும். குடுக்காட்டி ஓசியில வேலை வாங்கறேன்னு ஆயிரும். தப்புப் பண்ணினா ஒரு வார்த்தை கேக்கறதுங்களா? மக கண்ணைக் கசக்குவா."

நாச்சிமுத்து பெருமூச்சு விட்டார். "எங்கூட்டுலயும் அதே கதைதானுங்க. பி.ஏ.வை வெச்சுக்கிட்டு மஞ்சளைச் சந்தையில தோத்துட்டு வாரேன்."

காளியண்ணன் பஸ் படியில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்குப் போன மானத்துக்குமேல் போவதற்கு இனி ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். வெடுக்கென்று சொன்னான்:

"அடுத்த ஊட்டு மருமவன்னா வேலைக்கு வெச்சுக்குவீங்களாக்கும்!"

அவன் குத்தலாகத்தான் சொன்னான். ஆனால் இரண்டு மாமனார்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"உங்க மாப்பிள்ளைக்குக் கணக்கு வருமுங்களா?" என்று கேட்டார் வெள்ளியங்கிரி.

"பத்திரிகையில விலைவாசியெல்லாம் தினமும் ரெண்டு தடவை படிக்கறாருங்க. உங்க மாப்பிள்ளைக்குப் பம்பாய்ல மஞ்சள் வாங்கற ஆளுகளைத் தெரியுமுங்களா?"

"கூடப் படிச்சவன் அப்பன் மசாலாச் சரக்கு மண்டி வெச்சிருக்கானுங்க" என்று காளியண்ணனே பதில் சொன்னான். அவன் குரலில் இருந்த குத்தல் போய்விட்டது.

சம்பளம் பேசவேண்டி வந்தது. அர்த்தநாரி இந்த முறை, "பத்துல பேசறோமுங்க, பத்துல!" என்று இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிவிட்டுத் துண்டை விரித்தார். தரகு வாழ்க்கையில் அவர் கண்ட மிகக் கஷ்டமான பேரம் அதுதான். தன் மருமகனுக்கு எச்சாக வாங்கித் தரவேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை. அடுத்தவன் மருமகனுக்குக் கம்மியாகக் கொடுக்கவேண்டும் என்றும் ஆசை. ஆனால் இவர் ஒரு விரல் ஏற்றினால் அவரும் ஏற்றுவார். இவர் இறக்கினால் அவரும் இறக்குவார். முப்பதுக்கும் எண்பதுக்கும் நடுவில் ஏறி ஏறி இறங்கி, கடைசியில் இரண்டு மருமகன்களுக்கும் ஆளுக்கு ஐம்பது என்று களைத்து நின்றார்கள். குடியிருக்கத் தனி வீடு. அர்த்தநாரி இரண்டு பக்கமும் தரகு வாங்கிக்கொண்டார்.

நாமகிரிப்பேட்டையில் மயில்சாமி பெட்டியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். நாச்சிமுத்து வந்ததும் கால் கழுவக்கூட இல்லை.

"கேட்டுட்டேனுங்க மாப்பிள்ளை. பம்பாய்ச் செலவு ரெண்டாயிரம், வரும்படி நாப்பது. சூரமங்கலம் செலவு நூத்தம்பது, வரும்படி அறுவது, ஆனா கதவு சாத்தியாச்சு. கொண்டப்பநாயக்கன்பட்டியில செலவே கெடையாது, வரும்படி அம்பது. திங்கக்கெழமை போயிச் சேர்ந்துக்குங்க."

விவரம் தெரிந்ததும் மயில்சாமியின் முகம் சிவந்தது. "என்னையத் துண்டு போட்டு வித்துட்டு வந்துட்டீங்களா?"

"விக்கலீங்க மாப்பிள்ளை. மாத்திக்கிட்டு வந்திருக்கேன்."

"நான் போகமாட்டேனுங்க! பஸ்ஸுக் கணக்குப் பாக்கவா நான் பி.ஏ. படிச்சேன்?"

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வசந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். அப்பன் முன்னால் அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "ஏனுங்கப்பா, தனி ஊடுன்னா நாங்க ரெண்டு பேரு மட்டுமுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்கண்ணு. மலைக்காத்து நெம்ப நல்லாருக்குது."

அவள் புருஷனைப் பார்த்தாள். மயில்சாமியும் அவளைப் பார்த்தான். ஒன்றரை வருஷமாக மாமியார் காதுக்கு எட்டாமல் அவனும் அவளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பம்பாய்க்குப் போயிருந்தாலும் அவன் தனியாகத்தான் போயிருப்பான். கோபத்தை விட்டுவிடாமல் வைத்துக்கொள்ள அவன் கொஞ்சம் முயற்சி செய்தான். முடியவில்லை.

"திங்கக்கெழமை எத்தனை மணி பஸ்ஸுங்க?" என்றான்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் மயில்சாமி டிக்கெட் கட்டைத் தலைகீழாகக் கிழித்துப் பயணிகளோடு சண்டை போட்டான். ஒரு பாட்டம் மழையில் ஆபீஸ் கூரை ஒழுகி மேஜையெல்லாம் நனைந்தது. ஆனால் ஒரு மாதத்தில் தொழில் பிடிபட்டுவிட்டது. காலை வண்டி அரை மணி முன்னால் கிளம்பினால் சேலம் ஜங்ஷனில் ரயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதில்தான் ஏறுவார்கள் என்று வெள்ளியங்கிரியிடம் சொன்னான். வெள்ளியங்கிரி அசந்துபோனார். அடுத்த நாளே நேரத்தை மாற்றினார். "படிச்ச மூளைன்னா இதுதானுங்க!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

நாமகிரிப்பேட்டையில் காளியண்ணன் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு வேட்டிக்கு மாறியிருந்தான். மஞ்சளை வேகவைத்துக் காயவைத்த சூட்டோடு விற்காமல் கொஞ்ச நாள் வைத்திருந்து, பம்பாய் மண்டிக்கு நேராக அனுப்பினான். வந்த விலையைப் பார்த்து நாச்சிமுத்து இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. மகளைப் பார்க்கப் போனபோது அதைப் பற்றியே பேசினார்.

"கொஞ்ச நாள் வெச்சிருந்து விக்கோணும்னு காளியண்ணன் சொன்னான் பாரு கண்ணு, என்ன யோசனை! நமக்கு இத்தனை வருசம் தோணவே இல்லையே!"

"இவரு போன வருசமே இதைத்தானுங்கப்பா சொன்னாரு" என்றாள் வசந்தாமணி.

"அப்படியா? எப்பச் சொன்னாரு?"

மயில்சாமி குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகொரு நாள் ராசிபுரத்தில் பஸ் மாறும் இடத்தில் அவனும் காளியண்ணனும் சந்தித்துக்கொண்டார்கள். காலை வண்டியை முன்னால் விடச் சொல்லி மூன்று வருஷமாகத் தானும் வெள்ளியங்கிரியிடம் சொல்லிக்கொண்டிருந்ததாகக் காளியண்ணன் சொன்னான். இரண்டு பேரும் ஓட்டலில் காப்பி வாங்கிக் குடித்தார்கள்.

"உங்க மாமனாரு தங்கமான மனுசருங்க" என்றான் மயில்சாமி. "எதைச் சொன்னாலும் கேக்கறாரு."

"உங்க மாமனாரும் அப்படித்தானுங்க. நேத்துக்கூட நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், நல்லா நாலு வார்த்தை திட்டினாருங்க. மனசுக்கு எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுமுங்களா?"

காப்பிக்கு யார் காசு கொடுப்பது என்று கொஞ்ச நேரம் இருவரும் மல்லுக்கட்டினார்கள். அதற்குள் இரண்டு பஸ்களும் கிளம்பிவிட்டன. காசை எறிந்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.